பழைய படகு இஞ்சின் கெடுவது ஆற்றிலா, சாலையிலா?

சித்தியவான் – மஞ்சோங் மாவட்டத்தில் சிறிய படகு வைத்திருக்கும் இந்தியக் குடும்பங்கள் இன்று நேற்று தோன்றியவை அல்ல. டிண்டிங் ஆறு, லூமுட், டாமார் லாவுட், பந்தாய் ரெமிஸ் கரையோரம், உடாங் காலாவுக்குப் பெயர்போன பேரா ஆற்றின் கீழ்ப்பகுதி என்று வார இறுதியில் மீனுக்கும் இறாலுக்கும் கிளம்புகிறவர்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. சிலருக்கு அது பொழுதுபோக்கு. இன்னும் சிலருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் குடும்பச் செலவுக்குக் கைகொடுக்கும் சிறு வருமானம்.

இவர்களில் பலரிடம் இருப்பது பழைய இஞ்சின்தான். 8, 15, 25 குதிரைச் சக்தி கொண்ட, கையால் கயிறு இழுத்துக் கிளப்பும் இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின். படகின் பின்பலகையில் மாட்டித் தொங்குவதால் மலாயில் அதற்கு 'எஞ்சின் சங்குட்' என்று பெயர். நம்மவர்கள் 'போட் இஞ்சின்' என்பார்கள்.

உப்புத் தண்ணீர் அரிப்பு, சேறு, கட்டையில் மோதி விசிறி உடைவது என்று தண்ணீரில் ஆகும் சேதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வீட்டு வாசலுக்கும் படகுத்துறைக்கும் இடையே சாலையில் ஆகும் சேதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இஞ்சினைத் தூக்கிச் சாய்த்து, அதிலேயே உள்ள சிறு கொக்கியில் நிறுத்தி, அப்படியே டிரெய்லரில் இழுத்துச் செல்வது இங்கே வெகு சாதாரணம். ஆனால், அந்தக் கொக்கி சாலைப் பயணத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் பண நட்டம் மட்டுமல்ல, உயிர்ச்சேதமும் நேரலாம்.

பழைய இஞ்சினை ஏன் விட முடியவில்லை?

முதல் காரணம் விலை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்குப் புதிய 15 குதிரைச் சக்தி இஞ்சின் என்பது சில மாதச் சம்பளத்தை அப்படியே எடுத்து வைக்கும் செலவு. நான்கு ஸ்ட்ரோக் என்றால் இன்னும் அதிகம். அதனால் அப்பா வாங்கிய இஞ்சின் மகனுக்கு வருகிறது, அல்லது மூன்றாவது நான்காவது கையாக வாங்கப்படுகிறது.

இரண்டாவது காரணம் எரிபொருள் செலவு. 2025 செப்டம்பர் 30ஆம் தேதி பூடி95 திட்டம் எல்லா மலேசியர்களுக்கும் நடப்புக்கு வந்தபோது, ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட், தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் என்று வரம்பு வைக்கப்பட்டது. மானியம் மைகாட் அட்டையோடு பிணைக்கப்பட்டதிலிருந்து ஒவ்வொரு குடும்பமும் லிட்டர் கணக்குப் பார்க்கிறது. கலனில் பெட்ரோல் வாங்குவதற்கும் 1961 விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் கட்டுப்பாடு உண்டு. படகுக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. செலவை இப்படி எண்ணிப் பார்க்கிறவர் புது இஞ்சின் கடைப்பக்கம் போகமாட்டார். இருப்பதைக் காப்பாற்றவே பார்ப்பார்.

மூன்றாவது, உதிரிப்பாகம். எவின்ரூட் என்ற பெயரை மீன்பிடிக்கிறவர்களில் மூத்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். 1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பவர் தொடங்கிய அந்த இஞ்சின் வகையின் உற்பத்தியை, உரிமையாளரான பிஆர்பி நிறுவனம் 2020 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. அதோடு சேர்த்துப் பேசப்படும் ஜான்சன் இஞ்சின்கள் அதற்கும் முன்பே நின்றுபோயின. இப்படிப்பட்ட இஞ்சினில் மாட்டும் சட்டம் உடைந்தால், அதே பாகம் கடையில் கிடைப்பது அரிது. பிஸ்டன், பிளக் மாதிரி அடிக்கடி மாற்றும் பொருளாவது எங்காவது அகப்படும். சாய்க்கும் கொக்கியும் அதைத் தாங்கும் அலுமினியச் சட்டமும் எளிதில் அகப்படுவதில்லை. சாலையில் உடைவதோ பெரும்பாலும் அந்தப் பாகங்கள்தான்.

தோட்டம் மாறியது, படகின் பயணமும் மாறியது

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டக் குடியிருப்புகள் காலியாகி, சுங்கை வாங்கி போன்ற தோட்டங்களைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களில் பல ஆயர் தாவார், கம்போங் கோ, ஸ்ரீ மஞ்சோங் பகுதித் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அன்று ஆற்றோரத்திலோ வாய்க்கால் கரையிலோ சம்பானைக் கட்டிப்போட்டுவிட்டு, இஞ்சினை மட்டும் தோளில் தூக்கி வர முடிந்தது. இன்று படகு தாமான் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. தண்ணீருக்குப் போக வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் சாலை வழியாகத்தான் போக வேண்டும்.

சாலையும் மாறிவிட்டது. ஈப்போ – லூமுட் நெடுஞ்சாலை ஒருபுறம். 2019 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட மேற்குக் கரை விரைவுச்சாலை, லெக்கீர், சங்காட் செர்மின் வழியாக மறுபுறம். கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயக்குட்டைகளுக்கும், செண்டரோ, தெமெங்கோர் ஏரிகளுக்கும்கூட இங்கிருந்து படகை இழுத்துச் செல்கிறார்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாக ஊர்ந்துபோன இஞ்சின், இன்று நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டு மூன்று மணி நேரம் குலுங்கிக்கொண்டு போகிறது.

"எங்கப்பா முப்பது வருஷம் அப்படித்தான் இழுத்தாரு, ஒன்னும் ஆகலையே" என்ற பேச்சுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அப்பா போன தூரமும் வேகமும் வேறு. அன்று இஞ்சினும் புதிது.

கொக்கி எதற்காக இருக்கிறது?

சிறிய போட் இஞ்சினைப் பின்பலகையில் பிடித்திருப்பது இரண்டு இறுக்கு திருகுகள் கொண்ட சட்டம். இஞ்சின் அந்தச் சட்டத்தில் ஒரு கீல் போலத் தொங்குகிறது. அதனால்தான் அதை மேலே தூக்கிச் சாய்க்க முடிகிறது. சட்டத்தின் கீழ்ப்பகுதியில் வரிசையாகத் துளைகளும், அதில் ஒரு கம்பி ஊசியும் இருக்கும். ஓடும்போது இஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்த ஊசி முடிவு செய்கிறது. பக்கத்தில் இருக்கும் சிறு நெம்புகோலோ குமிழோதான் தூக்கிய இஞ்சினைத் தாங்கும் கொக்கி.

படகு கரையில் நிற்கும்போது விசிறி சேற்றில் புதையாமலும், கட்டிப்போட்ட படகில் இஞ்சினின் அடிப்பகுதியில் சிப்பி ஒட்டாமலும் இருக்க, இஞ்சினைத் தூக்கி நிறுத்தி வைக்க வேண்டும். கொக்கியின் வேலை அவ்வளவுதான். அசையாமல் நிற்கும் எடையைத் தாங்கத்தான் அது செய்யப்பட்டது. யமாஹா போன்ற நிறுவனங்களின் கையேடுகளும் இதை எச்சரிக்கையாகவே அச்சிட்டிருக்கின்றன: டிரெய்லரில் இழுக்கும்போது இந்தக் கொக்கியை நம்பக்கூடாது, குலுக்கத்தில் அது விடுபட்டு இஞ்சின் விழக்கூடும், சாய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் தனியாக ஒரு தாங்கி வேண்டும் என்பது அதன் சாரம்.

காரணம் எளிது. 15 குதிரைச் சக்தி இஞ்சின் 35 கிலோவுக்கு மேல் இருக்கும். 40 குதிரைச் சக்தி என்றால் 70 கிலோ அளவில் இருக்கும். இஞ்சின் நேராகத் தொங்கும்போது அந்த எடை பின்பலகையின் மேல் கீழ்நோக்கி இறங்குகிறது. தூக்கிச் சாய்த்தாலோ, நீண்ட கால் பகுதி படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சாலைப் பள்ளத்தில் டிரெய்லர் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த நீட்டம் கடப்பாரை போல வேலை செய்து கொக்கியையும் சட்டத்தையும் பின்பலகையையும் ஒருசேர நெம்புகிறது. எடை ஒரு கணம் இரண்டு மூன்று மடங்காகி அழுத்துகிறது. இதே நெம்பல் ஒரு பயணத்தில் நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. பழைய அலுமினியத்தில் ஏற்கெனவே உப்பு அரித்த விரிசல் இருந்தால், எந்தக் குலுக்கலில் அது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது.

உடைந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இஞ்சின் படாரென்று கீழே இறங்கி, அடித்தகடு தார்ச்சாலையில் மோதி, கியர் பெட்டி உடையலாம். அல்லது சட்டமே கழன்று இஞ்சின் சாலையில் விழலாம். பின்னால் வருவது லோரியாக இருந்தால் பம்பர் நசுங்குவதோடு போகலாம். மோட்டார் சைக்கிளாக இருந்தால்? நம் நாட்டில் சாலையில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்கிறவர்கள். இருட்டில் சாலை நடுவே கிடக்கும் 35 கிலோ இரும்பு அவர்களுக்கு என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மூன்று வழிகள் உண்டு

கொக்கியை நம்பாமல் கொண்டுபோக மூன்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது இஞ்சினின் எடையையும் டிரெய்லரின் உயரத்தையும் பொறுத்தது.

முதல் வழி, கழற்றிக் கொண்டுபோவது. 15 குதிரைச் சக்தி வரையிலான கையடக்க இஞ்சினுக்கு இதுதான் மிகச் சிறந்தது. கழற்றும் முன் இஞ்சினை நேராக நிறுத்தி, உள்ளே தங்கிய தண்ணீர் முழுவதும் வடியவிட வேண்டும். எண்ணெய்க் குழாயைக் கழற்றி, கார்பரேட்டரில் மிச்சமுள்ள பெட்ரோலையும் வடித்துவிட வேண்டும். இருவராகப் பிடித்து இறக்கினால் முதுகு தப்பும். பிக்கப்பில் நிற்கவைத்துக் கட்டுவது நல்லது. படுக்கவைத்தால் தலைப்பகுதி எப்போதும் கால்பகுதியைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புகைக்குழாயில் தங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கலாம் என்பது இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். அது கையேட்டில் இருக்கும். நான்கு ஸ்ட்ரோக் இஞ்சினைத் தவறான பக்கம் படுக்கவைத்தால் இஞ்சின் ஆயில் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். பெட்ரோல் கலனைக் காருக்குள்ளோ மூடிய பூட்டிலோ வைக்கவே கூடாது. அதன் ஆவி ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது வழி, ஓடும் நிலையிலேயே, அதாவது நேராகத் தொங்கவிட்டே இழுப்பது. பின்பலகைக்கும் சட்டத்துக்கும் மிகக் குறைந்த சிரமம் தருவது இதுதான். ஆனால், அடித்தகட்டுக்கும் சாலைக்கும் இடையே போதிய உயரம் வேண்டும். படகு 15 அங்குலப் பின்பலகைக்கான குட்டைக்கால் இஞ்சின் என்றால் வாய்ப்பு அதிகம். 20 அங்குல நெட்டைக்கால் என்றால், தாமான் வேகத்தடையிலும் வீட்டு வாசல் ஏற்றத்திலும் இடிக்கக்கூடும். சமதரையில் உயரம் சரியாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துக் கிளம்பக்கூடாது. கார் ஒரு மேட்டில் ஏறும்போது டிரெய்லரின் வால் தாழும். அப்போது எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, சாய்த்து, தாங்கு கம்பி கொடுத்து இழுப்பது. இந்தக் கம்பியின் ஒரு முனை இஞ்சினின் கால்பகுதியைக் கவ்வும். மறுமுனை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் அமரும். அப்போது குலுக்கம் பின்பலகைக்கும் கொக்கிக்கும் போகாமல் டிரெய்லருக்குள் இறங்கிவிடும். கம்பியோடு இஞ்சினை ஒரு பட்டையால் கீழ்நோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் துள்ளலில் கம்பி நழுவிவிடும். கடையில் வாங்க முடியாதவர்கள் வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். இஞ்சினைத் தொடும் முனையில் கட்டியான ரப்பர் இருப்பது முக்கியம்.

இடையில் ஒரு மரக்கட்டையைச் செருகி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டை கொக்கியின் சுமையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால், நீட்டிக்கொண்டிருக்கும் எடை அப்போதும் பின்பலகையைத்தான் நெம்புகிறது. கொக்கியை மட்டும் நம்புவதைவிட அது மேல், தாங்கு கம்பிக்கு அது ஈடாகாது.

கிளம்பும் முன்னும் துறையிலும்

எந்த வழியானாலும் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இறுக்கு திருகுகளைக் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். அதிர்வில் அவை தளரும். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒருமுறை நிறுத்தி மீண்டும் பார்ப்பது நல்ல பழக்கம். இஞ்சினுக்கும் படகுக்கும் இடையே ஒரு சங்கிலியோ தடித்த கயிறோ கட்டியிருக்க வேண்டும். சட்டம் கழன்றாலும் இஞ்சின் சாலைக்குப் போகாது. கைப்பிடி இடமும் வலமும் ஆடாமல் கட்டிவிட வேண்டும். பெட்ரோல் அடைப்பானையும் கலன் மூடியில் உள்ள காற்றுத் திருகையும் மூட வேண்டும். தண்ணீரில் இறங்கிய பிறகு காற்றுத் திருகைத் திறக்க மறந்தால், இஞ்சின் சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். 'இஞ்சின் கெட்டுப்போச்சு' என்று கரையேறுகிறவர்களில் சிலருக்குக் கெட்டது இஞ்சின் அல்ல, ஞாபகம்தான்.

படகுத்துறைச் சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கும்போது இஞ்சின் தூக்கிய நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடித்தகடு கான்கிரீட்டில் உரசும். அந்தச் சில நிமிடங்களுக்குக் கொக்கி போதும். அதற்குத்தான் அது இருக்கிறது. படகு மிதந்த பிறகே இஞ்சினை இறக்க வேண்டும். பல பழைய இஞ்சின்களில் ரிவர்ஸ் கியரில் இருந்தால் ஒரு பூட்டு விழுந்து இஞ்சினைத் தூக்கவிடாது. பின்னால் ஓட்டும்போது இஞ்சின் மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்ள வைத்த பூட்டு அது. தூக்க வரவில்லை என்று முரட்டுத்தனமாக இழுத்துப் பூட்டை உடைக்காமல், முதலில் கியர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சதுப்புநிலக் கால்வாய்களில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இஞ்சினைப் பாதி சாய்த்து ஓட்டுவதும் வழக்கம். மெதுவாக ஓட்டினால் தவறில்லை. ஆனால், தண்ணீர் உறிஞ்சும் துளை மேலே வந்துவிடக்கூடாது. இஞ்சினிலிருந்து பீய்ச்சும் சிறு தண்ணீர்த் தாரை நின்றால் உடனே அணைக்க வேண்டும். குளிர்ச்சித் தண்ணீர் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே பம்பின் ரப்பர் சக்கரம் கருகிவிடும். அடுத்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

திரும்பி வந்து டிரெய்லரில் ஏற்றிய பிறகு, சமதரையில் இஞ்சினை இறக்கி முழுத் தண்ணீரையும் வடியவிட்டு, பிறகுதான் தாங்கு கம்பி கொடுத்துச் சாய்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் சிறிது நேரம் ஓடவிட்டால் உப்பும் சேறும் கழுவப்படும்.

இன்னொன்று. தூக்கி நிறுத்திய இஞ்சினுக்குக் கீழே யாரும் போகக்கூடாது, குனிந்து விசிறியைப் பார்ப்பதற்குக்கூட. வீட்டு வாசலில் நிற்கும் படகைச் சுற்றிப் பிள்ளைகள் விளையாடுவார்கள். வீட்டில் நிறுத்தும்போது இஞ்சினை இறக்கியே வைப்பது பாதுகாப்பு.

பின்பலகையும் சட்டமும்

இஞ்சினை மட்டும் பார்த்தால் போதாது. அதைத் தாங்கும் பின்பலகை, பழைய கண்ணாடி இழைப் படகுகளில், உள்ளே பிளைவுட் வைத்து மூடியதாக இருக்கும். திருகுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்மரம் உளுத்துப்போனாலும் வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல மரம் 'டங்' என்று கேட்கும், உளுத்த மரம் மந்தமாகக் கேட்கும். இஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது பலகை வளைந்தால், டிரெய்லரில் இழுப்பதற்கு முன் பலகையைத்தான் சரி செய்ய வேண்டும்.

டிரெய்லரும் சட்டத்தின் பார்வையில் ஒரு வாகனம்தான். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைத் தனியாகவே வரையறுக்கிறது. பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கிவிட்டோம், இனி இழுக்கலாம் என்று நினைக்கக்கூடாது. வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே கிளையில் அங்கீகாரம், பதிவு, பரிசோதனை பற்றியும், காப்புறுதி நிறுவனத்தில் பாதுகாப்பு பற்றியும் கேட்டுக்கொள்ள வேண்டும். விபத்து நடந்த பிறகு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் செலவு பல மடங்காகிவிடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இஞ்சின் டிரெய்லரின் விளக்கையும் எண் பலகையையும் மறைக்காமல் இருக்க வேண்டும். படகையும் பட்டையால் கட்ட வேண்டும். சக்கர பேரிங் சூடாக இருக்கும்போதே தண்ணீருக்குள் இறக்கினால், உள்ளே உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும். துறைக்கு வந்ததும் சற்று ஆறவிட்டு இறக்குவது பேரிங்குக்கு நல்லது.

எச்சரிக்கை இருக்கிறது, தமிழில் இல்லை

இவை எதுவும் ரகசியம் அல்ல. கையேட்டில் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பவைதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாவது கையாக வாங்கிய இஞ்சினோடு கையேடு வருவதில்லை. வந்தாலும் அதைப் புரட்டிப் பார்க்கிறவர் குறைவு.

கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த அறிவு வீட்டிலேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவு கண்ணாடி இழைப் படகுகள் பிடித்துக்கொண்டன. அங்கே அலையில் ஏறி மணலைத் தொடுவதற்குச் சற்று முன் இஞ்சினைத் தூக்க வேண்டும் என்பதைப் பையன்கள் அப்பாவின் கையைப் பார்த்தே கற்கிறார்கள். மன்னார், யாழ்ப்பாணக் கரையிலும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, மண்ணெண்ணெயில் ஓடும் இஞ்சின் வைத்திருந்த சிறு மீனவர்கள் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று கணக்குப் போட வேண்டியிருந்தது. அவர்களுக்கு இஞ்சின் என்பது அடுப்பு எரிவதற்கு ஈடான விஷயம். அதனால் அதைப் பற்றிய அறிவும் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது.

பேராத் தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பால்மரம் வெட்டத் தெரிந்தது, மாடு வளர்க்கத் தெரிந்தது. படகு அவர்களுக்கு இங்கே வந்து கற்ற தொழில். மலாய்க்கார, சீனப் பக்கத்து வீட்டாரோடு பழகிக் கற்றது. அதனால்தான் ஜெட்டி, கிப்பாஸ், சங்குட் என்று பாதிச் சொற்கள் மலாயில் நிற்கின்றன. சொல்லைக் கடன் வாங்குவதில் குறையில்லை. ஆனால், 'இதைச் செய்யாதே' என்ற எச்சரிக்கை மட்டும் கடனாகக்கூட வந்து சேரவில்லை. இஞ்சினைச் சாய்க்கக் கற்றுக்கொடுத்தவர், சாய்த்தபடி நெடுஞ்சாலையில் போகாதே என்று சொல்லவில்லை. அவருக்கு அன்று அந்தத் தேவையே இருக்கவில்லை. அவர் வீடு ஆற்றங்கரையில் இருந்தது.

இதைச் சரி செய்யப் பெரிய திட்டமோ மானியமோ தேவையில்லை. வட்டாரத்திலுள்ள மணிமன்றக் கிளைகளோ ஆலயங்களின் இளைஞர் பகுதிகளோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இஞ்சின் பழுது பார்க்கும் ஒரு போர்மேனை அழைத்து, ஒரு பழைய இஞ்சினையும் ஒரு டிரெய்லரையும் நடுவில் நிறுத்தி, தமிழிலேயே செய்து காட்டினால் போதும். கழற்றுவது எப்படி, எந்தப் பக்கம் படுக்கவைப்பது, தாங்கு கம்பி எங்கே அமர வேண்டும் என்பதை இரண்டு மணி நேரத்தில் காட்டிவிடலாம். ஒரே தாளில் படத்தோடு அச்சிட்டுப் படகு வைத்திருக்கும் வீடுகளுக்குக் கொடுக்கலாம். தாங்கு கம்பியைப் பத்துப் பேர் சேர்ந்து ஒரே பட்டறையில் செய்யச் சொன்னால் விலையும் குறையும்.

பழைய இஞ்சினை வைத்திருப்பது குறையல்ல. முறையாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அந்த உழைப்பை ஆற்றில் செலவழிப்பதா, ஈப்போ – லூமுட் சாலையின் பள்ளங்களில் செலவழிப்பதா என்பதை முடிவு செய்வது ஒரு தாங்கு கம்பியும், கிளம்பும் முன் செலவிடும் பத்து நிமிடமும்தான்.